பத்து நிமிடம் முன்னதாக முடிந்த முதல் நாள்

சிட்னி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த பெண் அதிகாரி, வேப்பம்பூவை மட்டும் எடுத்துத் தனியே வைத்துக்கொண்டார். பருப்புப் பொடியை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். முறுக்கு தப்பியது. கடைசியாக, துண்டில் சுற்றி வைத்திருந்த தினசரிக் காலண்டரை வெளியே எடுத்தார்.

"இது என்ன புத்தகம்?"

"நாள்காட்டி."

"ஒவ்வொரு தாளிலும் இவ்வளவு எழுதியிருக்கிறதே?"

"எந்த நேரம் நல்லது, எது கெட்டது என்று போட்டிருக்கும்."

அவர் அன்றைய தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இப்போது எப்படி?"

"இப்போது பரவாயில்லை" என்றேன்.

"அப்படியானால் சீக்கிரம் போய்விடுங்கள்" என்று பெட்டியை மூடித் தள்ளினார்.

நான் திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பதினொன்றாம் வகுப்புக்கு அலைகள் பாடம் எடுப்பவள். வீட்டில் ராகு காலம் பார்க்காமல் வாசற்படி தாண்ட மாட்டேன். இரண்டும் ஒரே தலைக்குள் இத்தனை வருடம் சண்டையில்லாமல் குடியிருந்தன.

ஆஸ்திரேலியாவுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் மகள் அனு மெல்பனில் ஆராய்ச்சி மாணவி. ஏழு வாரங்களுக்கு முன்பு அவளும், அவளோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த ஜெஸ்ஸி என்ற மலேசியத் தமிழ்ப் பெண்ணும் கடலுக்குப் போனார்கள். ஜெஸ்ஸி திரும்பி வரவில்லை. ஈப்போவிலிருந்து அவள் பெற்றோர் வந்து உடலை வாங்கிக்கொண்டு போனார்கள். தண்ணீருக்குள் என்ன நடந்தது என்று அனு போலீஸிடம் இரண்டு வரி சொன்னாள். அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தொலைபேசியில் நான் பத்து நிமிடம் பேசினால் பத்து 'ம்' வரும். விசா வந்ததும் அவளைக் கையோடு ஊருக்கு அழைத்து வருவதற்காகக் கிளம்பினேன்.

இன்னொன்றும் உண்டு. அதை அப்போது நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, என் கணவரிடம்கூட. அவர்கள் போவதாக இருந்தது ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு நவமி. வேண்டாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். 'சண்டே நல்ல நாள், போய்ட்டு வா' என்று நான் அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. அவளுடைய போனிலும் இருக்கும்.

*

சிட்னியில் மூன்று நாள் தங்கினேன். சித்தி மகன் செந்தில் பிளாக்டவுனில் இருபது வருடமாக இருக்கிறான். பயணக் களைப்பு போகட்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் மகளைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டேன்.

பிளாக்டவுன் கடைத்தெருவில் முருங்கைக்காயும் அரைத்த இட்லி மாவும் கிடைக்கின்றன. கருவேப்பிலையைச் சின்னப் பெட்டியில் அடைத்து, நகைபோலக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். பத்து இலை எண்ணிப் பார்த்தேன். ஊரில் இதைக் காய்கறிக்காரரிடம் சும்மா பிடுங்கிக்கொள்வோம்.

இரண்டாம் நாள் செந்தில் துறைமுகத்தைக் காட்டிவிட்டு வேலைக்குப் போக, நான் தனியே ரயிலில் திரும்பினேன். மலைப் பக்கம் போகும் நல்ல வண்டி. உட்கார்ந்ததும் கணவருக்குப் போன் போட்டேன். நம் ஊர் வழக்கப்படி, திருச்சிக்கு நேராகவே கேட்கும் குரலில். எதிர் இருக்கைப் பெரியவர் என்னை முறைக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பலகையை ஒரு விரலால் காட்டினார், அவ்வளவுதான். அது அமைதிப் பெட்டியாம். பேசக் கூடாது, போன் கூடாது, பாட்டு கூடாது. விரும்பியே அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், ஐம்பது அறுபது பேர். நம் பக்கத்தில் ரயிலில் ஒருவர் பேசாமல் வந்தால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். பிளாக்டவுன் வரை வாயைத் திறக்காமல் வந்தேன். எனக்கு அது தண்டனையாக இருந்தது.

அன்று மாலை செந்தில், சுவரில் நான் மாட்டி வைத்திருந்த காலண்டரைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, இது திருச்சி சூரியனுக்குப் போட்ட டைமிங். இங்க சூரியனுக்கு வேற ஷிப்ட்டு."

"தெரியும்டா. கணக்குப் பண்ணிக்குவேன்."

"நீ பண்ணுவ. ஃபிசிக்ஸ் டீச்சர் ஆச்சே!"

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். அனுவுக்கு நாள் சொன்னபோது நான் எந்தக் கணக்கும் பண்ணவில்லை. திருச்சித் தாளைக் கிழித்துப் பார்த்து மெல்பன் கடலுக்கு நாள் குறித்திருந்தேன்.

*

மெல்பன் விமான நிலையத்தில் அனு நின்றிருந்தாள். முகத்தில் கன்ன எலும்பு தெரிந்தது. ஸ்வெட்டர் கைகளை விரல் நுனி வரை இழுத்துவிட்டிருந்தாள். நான் கையைப் பிடிக்கப் போனேன், அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்டியாம்மா?"

ஏழு வாரத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி. "சாப்டேன்" என்று பொய் சொன்னேன்.

கிளேட்டனில், பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கிற தூரத்தில், மார்கரெட் என்ற பெண்மணியின் வீட்டில் அவள் வாடகைக்கு இருக்கிறாள். மார்கரெட் ஓய்வு பெற்ற செவிலியர், எண்பதை நெருங்குகிறவர். கிறிஸ்தவத்தில் குவேக்கர் என்ற சிறு பிரிவைச் சேர்ந்தவர். விபத்துக்குப் பிறகு அனுவின் அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு, ஒன்றும் பேசாமல், தினமும் சில மணி நேரம் உட்கார்ந்திருப்பாராம். மூன்றாம் வாரம் அனு தானாகவே அவரோடு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கிளம்பினாள். அதைக் கேள்விப்பட்டு, பெண்ணை மதம் மாற்றுகிறார்கள் என்று என் கணவர் ஊரில் குதித்துக்கொண்டிருந்தார்.

நான் அவரை "மேடம்" என்றேன். "மார்கரெட்" என்று திருத்தினார். அவர்கள் யாருக்கும் பட்டம் வைத்து அழைப்பதில்லையாம். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. அங்கிருந்த நாளெல்லாம் அவரை எதுவும் சொல்லி அழைக்காமலே, எதிரே போய் நின்று பேசிச் சமாளித்தேன்.

சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவில் வேலைப் பட்டியல் ஒன்று இருந்தது. பென்சிலால் எழுதியது. கிழமைகளின் பேர் இல்லை. முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஏழாம் நாள் வரை. முதல் நாள், கூட்டம். மூன்றாம் நாள், குப்பைத் தொட்டி. ஐந்தாம் நாளுக்கு நேரே 'ஜெஸ்ஸி, சமையல்' என்று அழிக்காமல் இருந்தது. ஃபிரிட்ஜுக்குள் அவள் அரைத்து வைத்த மிளகாய்ச் சம்பால் பாட்டிலும் அப்படியே இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமைதான் முதல் நாளா?" என்று கேட்டேன்.

"ஆமாம். இப்போது எங்கள் ஆட்களே யாரும் இப்படிச் சொல்வதில்லை. என்னைக் கேலி செய்கிறார்கள்" என்றார் மார்கரெட். "என் அப்பா சொன்னார், அதனால் நானும் சொல்கிறேன். ஆங்கிலத்தில் கிழமைகளின் பேர் எல்லாம் பழைய தெய்வங்களுடையது. சூரியன், சந்திரன், இடி தேவன். எங்கள் முன்னோர் அந்தப் பேரை வாயால் சொல்ல மாட்டோம் என்று எண்ணைச் சொன்னார்கள்."

"எங்களுக்கும் அப்படித்தான். ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஏழும் கிரகங்கள்."

"இன்னொரு காரணமும் சொல்வார் அப்பா. எந்த நாளும் இன்னொரு நாளைவிட உயர்ந்தது இல்லை. கிறிஸ்துமஸைக்கூட அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் கொண்டாட மாட்டார்கள். முதல் நாள் என்றால் புனித நாள் என்று அர்த்தமில்லை. வரிசையில் முதலில் வருகிறது, அவ்வளவுதான்."

நான் என் காலண்டரை எடுத்து வந்து காட்டினேன். ஆசிரியைக்கு யாராவது ஆர்வமாகக் கேட்டால் போதும். ராகு காலம், எமகண்டம், குளிகை, கரிநாள், செவ்வாயும் சனியும் ஏன் ஆகாது என்று விளக்கினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"இதையெல்லாம் கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது?"

"கொஞ்சம் இருக்கும். அதிலும் அஷ்டமி, நவமி வந்தால்..."

அனு தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். சத்தமாக வைக்கவில்லை. எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவு மூடிய சத்தமும் மெதுவாகத்தான் இருந்தது.

*

முதல் நாள் வந்தது. ரயில் இல்லை. தண்டவாள வேலை என்று பேருந்து விட்டிருந்தார்கள். அது நிலையம் நிலையமாக நின்று, ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. மார்கரெட்டும் அனுவும் முன்னால் உட்கார, பின்னால் ஒரு பெரியவர் அருகே எனக்கு இடம் கிடைத்தது. என் புடவையைப் பார்த்துவிட்டு அவரே தொடங்கினார்.

"எங்கை போறியள் தங்கச்சி? கோயிலுக்கோ?"

"கோயில் மாதிரிதாங்க. மகள் கூட்டிட்டுப் போறா."

"ஓம், ஓம். ஞாயித்துக்கிழமை இந்த ஊரிலை ரயில் ஓடினா அதுதான் அதிசயம். நான் யாழ்ப்பாணம். வயோதிபர் இல்லத்திலை வேலை. உங்களுக்கு இண்டைக்கு லீவு, எனக்கு ஏழு நாளும் திங்கள்தான்."

"ஒரு நாள்கூட லீவு கிடையாதா?"

"கிடைக்கும். வீட்டிலை இருந்தா மனிசி வேலை தருவா. அதுக்கு இது பரவாயில்லை." முன்னால் இருந்த அனுவைக் காட்டி, "உங்கடை பிள்ளையோ? சாப்பிடுறவ இல்லைப் போல" என்றார்.

இறங்கும்போது, "அப்ப போட்டு வாறன் தங்கச்சி. பிள்ளைக்குப் புட்டு அவிச்சுக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் நடந்தது ஒரு கட்டடத்தின் மாடியில். இருபத்தைந்து நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. நடுவில் சின்ன மேசை, ஒரு குவளைப் பூ. சிலுவை இல்லை, மேடை இல்லை, விளக்கு இல்லை, பாதிரியார் இல்லை. அனு எதிர்ப்பக்கம் மார்கரெட்டின் அருகே உட்கார்ந்தாள். எனக்கு இடப்பக்கம் ஹெலன் என்று ஒரு பெண்மணி, மடியில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தார்.

யாராவது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது என்று புரிந்தது. ஒரு மணி நேரம் சும்மா இருப்பதுதான் அங்கே வழிபாடு. உள்ளே இருந்து தள்ளினால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். கீழே தெருவில் டிராம் மணி அடித்தது. ஒருவர் வயிறு இரைந்தது. இடையில் ஒரு தாத்தா எழுந்து, தன் வீட்டு எலுமிச்சை மரம் இரண்டு வருடம் காய்க்காமல் இருந்து இப்போது காய்த்திருப்பதைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் ஆமென் போடவில்லை, தலையாட்டவும் இல்லை.

நாற்பது நிமிடம் தாண்டியிருக்கும். அனுவின் முழங்கால்கள் ஆட ஆரம்பித்தன. பிறகு தோள். ஸ்வெட்டர் கைக்குள் விரல்கள் நடுங்குவது எதிர்ப்பக்கம் வரை தெரிந்தது. உதடு அசைந்தது. விபத்து நடந்த வாரம் அவளுக்கு இப்படித்தான் வந்து, ஒருமுறை குளியலறையில் விழுந்திருக்கிறாள். மார்கரெட் போனில் சொல்லியிருந்தார். பக்கத்தில் இருந்த ஹெலனின் கையை எட்டி இறுகப் பிடித்தேன்.

ஹெலன் திடுக்கிட்டு, பிறகு என் கையை அன்பாகக் குலுக்கினார். அதைப் பார்த்த எலுமிச்சைத் தாத்தா தன் பக்கத்தில் இருந்தவருக்குக் கை கொடுத்தார். அவர் அடுத்தவருக்கு. வட்டம் முழுக்கக் கைகள் நீண்டன. நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் "காலை வணக்கம்" என்று சிரித்தார்கள்.

அனு மட்டும் அரைகுறையாக எழுந்து நின்றாள். வாய் திறந்திருந்தது. பிறகு மூடிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர் அவளிடம் கையை நீட்டவில்லை. தலையை மட்டும் அசைத்தார். அவள் யாரோடும் கை குலுக்குவதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் பழகியிருந்தது.

பக்கத்து அறையில் எல்லோருக்கும் கொடுத்த பூசணி சூப்பைக் குடிக்கும்போது மார்கரெட் விளக்கினார். கூட்டத்தை முடித்துவைக்கப் பாட்டோ ஜெபமோ கிடையாது. அன்றைக்குப் பொறுப்பில் இருப்பவர் நேரம் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரின் கையைக் குலுக்குவார். அதுதான் முடிவு. அன்றைக்குப் பொறுப்பு ஹெலனுடையது.

"பத்து நிமிடம் முன்னதாக முடித்துவிட்டீர்கள். நாற்பது வருடத்தில் இப்படி நடந்ததில்லை" என்றார்.

எலுமிச்சைத் தாத்தா சூப்புக் கிண்ணத்தோடு வந்து, "உங்களுக்கு என் நன்றி. சூப்பு இவ்வளவு சூடாக இருந்து நான் பார்த்ததே இல்லை" என்றார்.

திரும்பும் பேருந்தில் அனு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பேசத்தான்மா எந்திரிச்சேன்."

"எனக்குத் தெரியாதுடி. நடுங்கினியா, திரும்ப வந்துருச்சுன்னு பயந்துட்டேன்."

"இங்க பேசறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் அப்படித்தான் நடுங்கும். நாலு வாரமா ட்ரை பண்றேன். இன்னிக்குதான் கால் எந்திரிச்சது."

"அடுத்த வாரம் பேசேன்."

"அது என்ன, பஸ்ஸா? அடுத்தது வரும்னு நிக்கறதுக்கு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளிடம் நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் முழுதும் இல்லை. அவள் கால் ஊன்றியதைப் பார்த்த நொடியில் எனக்கு இரண்டு பயம் வந்தது. விழுந்துவிடுவாளோ என்பது ஒன்று. எழுந்து, 'என் அம்மாதான் நாளை மாற்றினாள்' என்று சொல்லிவிடுவாளோ என்பது இன்னொன்று. எந்தப் பயம் என் கையை நீட்டியது என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது.

*

இரண்டாம் நாள் துணி துவைத்தேன். மூன்றாம் நாள் குப்பைத் தொட்டியைத் தெருவில் வைத்துவிட்டு, புட்டு அவித்தேன். அனு நாலு வாய் சாப்பிட்டாள். ஊருக்கு வந்துவிடேன் என்று பேச்செடுத்தேன். "பாக்கலாம்மா" என்றாள். நம் வீடுகளில் அதற்கு 'முடியாது' என்று பொருள்.

நாலாம் நாள் மார்கரெட்டின் எதிரே போய் நின்று, அந்தக் கூட்டத்தில் வெளியாள் பேசலாமா என்று கேட்டேன்.

"உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்று இல்லை. ஆனால் பேசாமல் இருக்க முடிந்தால் பேசாமல் இருங்கள். முடியாதபோது எழுந்திருங்கள்."

"எனக்கு இங்கிலீஷ் பாடம் எடுக்க வரும். இதற்கு வராது."

"ஒருமுறை ஒருவர் ஃபின்லாந்து மொழியில் பேசினார். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. நல்ல பேச்சுதான்" என்றார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அரிசி களைந்தேன். அனு வந்து பட்டியலைக் காட்டினாள். "வேணாம்மா. வியாழக்கிழமை பிரெட்தான். ஜெஸ்ஸி டர்ன்." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தேன். மூன்று பேரும் ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டோம். யாரும் சம்பால் பாட்டிலை எடுக்கவில்லை.

*

அடுத்த முதல் நாளும் பேருந்துதான். ஹெலன் என்னைப் பார்த்ததும், அன்றைக்கும் பொறுப்பு தனக்குத்தான் என்று சொல்லிவிட்டு அருகிலேயே உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இப்படித்தான் உட்கார வைப்போம்.

அனு எதிரே இருந்தாள். நடுங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் போனது. அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்தது. அந்த நாலு வாரத் தயாரிப்பை நான் கலைத்துவிட்டேன். இனி ஐந்தாம் நாள்தோறும் அந்த வீட்டில் ரொட்டிதான்.

அப்போது முழங்கால் ஆடியது. என்னுடையது.

எழுந்தேன். இருபத்தெட்டு வருடப் பழக்கம், "எல்லாருக்கும் வணக்கம்" என்றுதான் வாயில் வந்தது. தமிழில்தான் பேசினேன்.

"என் பேரு வசந்தா. அனுவோட அம்மா. இவங்க ரெண்டு பேரும் சனிக்கிழமை கடலுக்குப் போறதா இருந்தாங்க."

யாருக்கும் புரியவில்லை. யாரும் அசையவும் இல்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்லிய குரல் கேட்டது. அனு, தலையைக் குனிந்தபடியே, நான் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அன்னிக்கு நவமி. எங்க காலண்டர்ல அது ஆகாத நாளு. நான்தான் வேணாம்னு தடுத்தேன்."

அவள் அதையும் சொன்னாள். நவமியை அப்படியே நவமி என்றாள். நான் என்று நான் சொன்னதை, அவளும் 'நான்' என்றே சொன்னாள்.

"ஞாயிறு நல்ல நாளு, போய்ட்டு வான்னு நான் நாள் குறிச்சுக் குடுத்தேன். ஜெஸ்ஸி அம்மாகிட்ட நான் இதச் சொல்லல. என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. இவகிட்டயும் மன்னிப்பு கேக்கல."

இப்போது அவள் எழுந்து நின்றிருந்தாள். கடைசி வாக்கியம் வரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது.

அவள் நிறுத்தவில்லை. "நான் அவள் கையைப் பிடித்திருந்தேன்" என்றாள் ஆங்கிலத்தில். இன்னும் என் பேச்சைத்தான் மொழிபெயர்க்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"முழங்கால் அளவுதான் தண்ணீர் என்று அவளை நான்தான் கூப்பிட்டேன். தண்ணீர் இழுத்தது. அவள் கையைப் பிடித்திருந்தேன். நழுவிவிட்டது என்று போலீஸிடம் சொன்னேன். நழுவவில்லை. இரண்டு பேரும் உள்ளே போய்க்கொண்டிருந்தோம். நான் விட்டேன்."

கீழே டிராம் போகிற சத்தம் கேட்டது. அவள் மறுபடி பேசினாள்.

"கடல் அன்றைக்கு எப்படி இருந்ததோ, முந்தின நாளும் அப்படித்தான் இருந்திருக்கும். இதை யாராவது என் அம்மாவிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள்."

உட்கார்ந்தாள். மார்கரெட் அவள் பக்கம் திரும்பவில்லை. தன் நாற்காலியில் அப்படியே இருந்தார். அனுவின் அறை வாசலிலும் இப்படித்தான் இருந்திருப்பார்.

ஹெலனின் மடியில் கடிகாரம், கூட்டம் முடிய வேண்டிய பதினொன்றரையைத் தாண்டியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவர் கை அசையவில்லை. இருபத்தைந்து பேர் சூப்பை மறந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது தண்டனையாக இல்லை.

பிறகு அனு எழுந்து, வட்டத்தின் குறுக்கே, பூக்குவளையைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தாள். என் முன்னால் நின்று, ஸ்வெட்டர் கையை மேலே தள்ளி, கையை நீட்டினாள். ஒன்பது நாளில் அந்த விரல்களை அப்போதுதான் பார்த்தேன். நகங்கள் கடித்துக் கடித்துப் புண்ணாகியிருந்தன.

நான் பிடிக்கவில்லை. ஹெலனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்காமலே தலையசைத்தார்.

பிடித்தேன். சில்லென்று இருந்தது. எங்களுக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

*

அன்று மாலை மார்கரெட் புது வாரத்துக்கான பட்டியலை எழுதி ஒட்டினார். ஐந்தாம் நாளில் ஜெஸ்ஸியின் பேர் அப்படியே இருந்தது. அனு பென்சிலை வாங்கி அதன் கீழே தன் பேரை எழுதினாள். சம்பால் பாட்டிலை வெளியே எடுத்து, திறந்து முகர்ந்து பார்த்து, "கெட்டுப் போச்சு" என்றாள். கழுவி, பாட்டிலை மட்டும் ஜன்னலில் கவிழ்த்து வைத்தாள். ஜெஸ்ஸியின் அம்மாவுக்கு இரண்டு பேருமாகப் போன் செய்தோம். அந்தப் பேச்சு எங்களுக்கும் அவருக்கும் உரியது, இங்கே எழுதப் போவதில்லை.

அனு ஊருக்கு வரவில்லை. படிப்பை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். 'பாக்கலாம்' என்று சொல்லவில்லை. அதனால் நம்பினேன். காலண்டரை மார்கரெட் கேட்டு வாங்கி, பட்டியலுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். படம் அழகாக இருக்கிறதாம்.

நான் புறப்பட்டது மூன்றாம் நாள், நமக்குச் செவ்வாய். விமானம் பிற்பகல் மூன்று இருபதுக்கு. செவ்வாயன்று ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை வரை என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குக் காலண்டர் தேவையில்லை. பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். விமான வாசலில் நின்று மணியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஏறினேன்.